ஹைப்போ வால்வுக்கு ஒரு டைட்டானியம் ஸ்டெம்: சூலூர் வீட்டு லேத்தில் கடைந்த விவரம்

வேலை

திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அதன் கழிவுநீர் சுத்திகரிப்புப் பகுதியில் சோடியம் ஹைப்போகுளோரைட்டைச் சிறுகச் சிறுக விடுவதற்கு ஓர் ஊசி வால்வு இருக்கிறது. பட்டறையில் எல்லோருக்கும் அது ஹைப்போ வால்வு. உடம்பும் போனெட்டும் (மேல்மூடி) பிளாஸ்டிக். திருகினால் ஏறி இறங்குகிற தண்டான ஸ்டெம் மட்டும் எவர்சில்வரில் ஒரு வகையான எஸ்.எஸ். 316. கூர்முனையிலும், ஒழுகாமல் தடுக்கும் பேக்கிங் உட்காரும் இடத்திலும் அந்த ஸ்டெம் குழி குழியாக அரித்துப்போகும். அரித்த இடம் டெஃப்லான் பேக்கிங்கைக் கிழிக்கும், அப்புறம் ஒழுகும். புதுசு போட்டாலும் கொஞ்ச நாளில் அதே கதை. கேனில் வரும் ஹைப்போவில் குளோரின் 10 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். 316-இல் மாலிப்டினம் சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் பேக்கிங்குக்கு அடியில், திரவம் தேங்கி நிற்கிற இடுக்கில், அந்த மாலிப்டினம் பெரிதாக எதையும் காப்பாற்றுவதில்லை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே போகாதபடி சுத்திகரிப்பது கட்டாயமாகிவிட்டது. இதனால் முன்பு துணி நனைக்கிற தொட்டியை மட்டும் கவனித்துவந்த பராமரிப்பு ஆட்கள், இப்போது ஆர்.ஓ. வடிகட்டி, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர், மருந்து விடும் பம்ப் என்று ஒரு ரசாயனத் தொழிற்சாலையையே மேய்க்கிறார்கள். ஒரு சின்ன வால்வு ஒழுகினால் அங்கே பக்கத்தில் இருக்கிற போல்ட், நட், மோட்டார் மூடி எல்லாம் சேர்ந்து துருப்பிடிக்கும்.

பராமரிப்பு வேலைக்காக அங்கே போய்வருகிற நான், ஸ்டெம்மை டைட்டானியத்தில் செய்து பார்க்கலாம் என்றேன். கடைந்தவர் கோவைக்குப் பக்கத்துச் சூலூரில் இருக்கும் எனக்கு அண்ணன் முறையான ஒருவர். பம்ப் கம்பெனியில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு சின்ன பெஞ்ச் லேத்து போட்டிருக்கிறார். வார்ப்பிரும்பு, ஈ.என்.8 எஃகு, பித்தளை, எவர்சில்வர் எல்லாம் அவர் கைக்குப் பழகியவை. டைட்டானியம் மட்டும் இதுதான் முதல் தடவை.

எந்த ப்ளீச்சிங்?

கடைவதற்கு முன்பே ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சாயப்பட்டறை முதலாளி போனில் "ப்ளீச்சிங் லைனுக்குங்க" என்று சொல்லிவிட்டார். பின்னலாடைத் துணியை வெளுப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடில். அதுவும் காஸ்டிக் சோடா என்ற காரம் சேர்த்து, சூடாக. டைட்டானியம் எதற்கும் அசையாது என்று பொதுவாக ஒரு பேச்சு உண்டு. காரம் கலந்த சூடான பெராக்ஸைடு அந்தப் பேச்சுக்கு அடங்காது. டைட்டானியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் ஆக்ஸைடு படலம். சூடான, காரமான பெராக்ஸைடு அந்தப் படலத்தையே கரைத்துக்கொண்டு போகும். காகித ஆலைகளின் வெளுக்கும் பிரிவுகளில் இது தெரிந்த தலைவலி.

அதே போல ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலும் டைட்டானியம் அரிக்கும். ஈரமில்லாத குளோரின் வாயுவில் தீப்பிடிக்கவே செய்யும். ஆனால் ஈரமான குளோரின், ஹைப்போ, உப்புத் தண்ணீர் இவற்றில் அதை மிஞ்ச ஆளில்லை. நேரில் போய்ப் பார்த்தால் இந்த வால்வு துணி வெளுக்கும் பக்கமே இல்லை. சுத்திகரிப்புப் பகுதியில், அறை வெப்பத்தில், ஹைப்போ மட்டும் ஓடுகிற குழாய். அப்படியானால் செய்யலாம்.

கம்பி

கோவை உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையிலிருந்து 16 மி.மீ. கம்பி ஒன்று கிடைத்தது. சான்றிதழ் ஏதும் கிடையாது. மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது வாரிக் கிடக்கிறது, கேரளத்தில் சவராவில் டைட்டானியம் ஸ்பாஞ்சே (உருக்கி வார்ப்பதற்கு முந்தைய உலோகம்) எடுக்கிறார்கள். அப்படியும் இந்த உலோகம் ஏன் இந்த விலை என்றால், தாதுவைக் குளோரைடாக்கி, அப்புறம் மெக்னீசியத்தோடு வினைபுரியவிட்டுத்தான் உலோகத்தைப் பிரிக்க முடிகிறது. இரும்பு மாதிரி கரியைப் போட்டு உருக்குகிற சங்கதி இல்லை. அதனால் ஒரு துண்டு சோதனைக்குப் பழைய சாமான் கடைதான் கட்டுப்படியாகும்.

கம்பி உண்மையிலேயே டைட்டானியமா என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். 300 மி.மீ. நீளத்துண்டு ஒன்றின் கனஅளவு 60 கன செ.மீ. சொச்சம். எவர்சில்வராக இருந்தால் 480 கிராம் வரும், அலுமினியம் என்றால் 163 கிராம். தராசு 270-ஐ ஒட்டிக் காட்டியது. டைட்டானியத்தின் அடர்த்தி 4.5 என்பதால் 272 வர வேண்டும். சரி, டைட்டானியம்தான்.

எந்த கிரேடு என்பதைத் தராசு சொல்லாது. கலப்பில்லாத கிரேடு 2-க்கும், 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த கிரேடு 5-க்கும் எடையில் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் குறைவுதான். சமையலறைத் தராசும் வெர்னியரும் சேர்ந்து தருகிற பிசகிலேயே அது மறைந்துபோகும். இதற்கு அரம்தான் வழி. கிரேடு 5-இன் இழுவிசை வலிமை குறைந்தபட்சம் 895 மெகாபாஸ்கல். கிரேடு 2-க்கு 345. அரம் இந்தக் கம்பியைச் சுலபமாகப் பிடித்தது. பின்னால் கடையும்போது சுருள் நீளநீளமாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக வந்ததும் அதற்கு ஒத்துப்போனது. கலப்பில்லாத வகை என்பது வரைக்கும் சொல்லலாம். அதற்கு மேல் எண் குத்திச் சொல்ல லேப் வேண்டும். ஹைப்போவுக்கு இரண்டுமே தாங்கும் என்பதால் அதோடு விட்டோம்.

லேத்து

பெட்டுக்கு (அடிப்பாளத்துக்கு) மேலே 180 மி.மீ. விட்டம் சுழல இடமும், சென்டருக்குச் சென்டர் 350 மி.மீ. நீளமும் உள்ள சின்ன லேத்து. 550 வாட் டி.சி. மோட்டார், வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைன். திருகுக் குமிழில் வேகம் கூட்டிக் குறைக்கலாம். கியரை 'லோ'வில் போட்டால் 1100 ஆர்.பி.எம். வரை, 'ஹை'யில் 2500 வரை. டூலைத் தானாக நகர்த்தும் லீட்ஸ்க்ரூ 1.5 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி). கூலன்ட் பம்ப் கிடையாது. சுற்றிலும் விசைத்தறி ஓடுகிற ஊர் என்பதால் மாலையில் வோல்டேஜ் இறங்கும். அப்போது ஓடுகிற வேகமும் கையில்லாமலே இறங்கும். இந்தக் கடைசி விஷயம் சாதாரண இரும்பில் பெரிதாகத் தெரியாது.

முதல் துண்டு

அண்ணன் தன் வழக்கப்படி ஆரம்பித்தார். தங்க நிறக் கோட்டிங் போட்ட கார்பைடு இன்சர்ட் (மாற்றக்கூடிய வெட்டுமுனை), நுனி வளைவின் ஆரம் 0.4 மி.மீ. வேகம் 1800. 'லேத்து சின்னது, பொருள் கெட்டி' என்று மனதில் வைத்து வெட்டை 0.1 மி.மீ.க்குக் குறைத்தார். இன்சர்ட் உடைந்துவிடக் கூடாதே என்று ஆட்டோ ஃபீடு (டூல் தானாக முன்னேறுவது) போடாமல் கையால் மெதுவாகத் தள்ளினார். எவர்சில்வரில் மேல்தோல் எடுக்கும்போது பல பேர் செய்வதுதான் இது.

முதல் இரண்டு விரல்கடை வரை நன்றாகப் போனது. அப்புறம் சத்தம் மாறியது. வெள்ளைப் பொறி பறந்தது, இன்சர்ட் முனை கருகியது. கடைந்த இடம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. அதைப் பார்த்து நல்ல ஃபினிஷிங் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். புது முனையைத் திருப்பி வைத்து அதே இடத்தில் மறுபடி நுழைந்தபோது, அதுவும் நொடியில் போனது. அளந்து பார்த்தால் சக்குப் பக்கம் ஒரு விட்டம், வெளிமுனைப் பக்கம் அதைவிட 0.3 மி.மீ. கூடுதல். தண்டு டூலைக் கண்டு விலகிப் போயிருக்கிறது.

"மோட்டார் பத்தலீங்க தம்பி. கோயமுத்தூர் கணபதிப் பக்கம் பெரிய லேத்துல குடுத்துரலாமுங்க" என்றார்.

மோட்டார் போதும். ஒரு கன மி.மீ. டைட்டானியத்தைச் சீவ ஏறத்தாழ 2 முதல் 3 ஜூல் வரை ஆகும். பின்னால் இரண்டாம் துண்டுக்கு வைத்த வேகத்துக்கும் வெட்டுக்கும் கணக்குப் போட்டால் 70 வாட் சொச்சம்; நூறைத் தாண்டாது. 550 வாட் மோட்டாருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கெட்டுப்போனது வேறு இடங்களில்.

ஏன் கருகியது

முதலாவது சூடு. சாதாரண இரும்பு வெப்பத்தை ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 50 வாட் கணக்கில் கடத்தும். கலப்பில்லாத டைட்டானியம் 20-க்குள். கிரேடு 5 என்றால் 7-ஐ ஒட்டித்தான். இரும்பில் வெட்டும் சூட்டின் பெரும்பகுதி சுருளோடு வெளியேறிவிடும். டைட்டானியத்தில் அது சுருளுக்குள்ளும் தண்டுக்குள்ளும் போக வழியில்லாமல் டூலின் முனைக்குத் திரும்பும். போதாக்குறைக்கு, சுருள் டூலின் முகத்தில் உரசும் நீளமும் இரும்பில் இருப்பதைவிட ரொம்பக் குறைவு. ஆக மொத்தச் சூடும் ஒரு முடி அகலத்தில் குவிகிறது. 16 மி.மீ. விட்டத்தில் 1800 ஆர்.பி.எம். என்பது நிமிடத்துக்கு 90 மீட்டர். கூலன்ட் பம்ப் இல்லாத லேத்தில் இந்த உலோகத்துக்கு அது அதிகம்; கார்பைடு முனையின் ஆயுள் சடசடவென்று விழும். எச்.எஸ்.எஸ். என்ற எஃகில் செய்த பிட் என்றால் 15 மீட்டர் போதும்.

இரண்டாவது, ஒட்டுதல். 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் டைட்டானியம் கிடைத்ததோடெல்லாம் சேரப் பார்க்கும். தங்க நிறக் கோட்டிங் டைட்டானியம் நைட்ரைடு. டைட்டானியத்தை டைட்டானியம் பூசிய முனையால் சீவினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு, பிய்ந்து வரும்போது கோட்டிங்கோடு கார்பைடையும் சில்லுச் சில்லாகப் பெயர்க்கும்.

மூன்றாவதுதான் இந்த வேலையை உண்மையில் கெடுத்தது: பயந்து பயந்து எடுத்த வெட்டு. நுனி வட்டம் 0.4 இருக்கும்போது ஆழம் 0.1 என்றால், முனையின் வளைந்த மூக்கு மட்டுமே தண்டில் படும். அது சீவுவதைவிடப் பக்கவாட்டில் தள்ளுவதுதான் அதிகம். கையால் தள்ளும் ஃபீடு ஒரு சுற்றுக்கு 0.03-ஐ ஒட்டி இருந்திருக்கும். இடையிடையே கை நிற்கும்போது அதுவும் இல்லை. மழுங்கின கத்தியை லேசாக வைத்துத் தக்காளியை அரிந்தால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது. முனை வெட்டாமல் தேய்த்தது, தேய்த்த இடம் சூடேறி இறுகிப் பளபளப்பானது, அடுத்த முனை அந்த இறுகிய தோலில் போய் மோதியது.

நான்காவது, தண்டின் நெகிழ்வு. டைட்டானியம் இரும்பைவிட இரண்டு மடங்கு வளையும். அதன் மீள்தன்மை எண் 105 முதல் 114 கிகாபாஸ்கல் வரைக்குள், இரும்புக்கு 200 சொச்சம். 10 மி.மீ. விட்டமும் 100 மி.மீ. நீளமும் உள்ள தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, முனையில் 50 நியூட்டன், அதாவது 5 கிலோ எடை அளவுக்குத் தள்ளினால் 0.3 மி.மீ. விலகும். அதே தண்டின் மறுமுனையைச் சக்குக்கு எதிரே இருக்கும் டெயில்ஸ்டாக்கின் கூரான சென்டரில் தாங்கினால், நடுவில் அதே விசைக்கு 0.008 மி.மீ. மட்டும். முப்பத்தாறு மடங்கு வித்தியாசம். சின்ன லேத்தில் டைட்டானியம் கடைகிறவர்கள் செலவே இல்லாமல் பெறக்கூடிய மிகப் பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அண்ணனின் கைப்பழக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வார்ப்பிரும்பிலும் ஈ.என்.8-லும் கடைசியில் ஒரு 'சும்மா' பாஸ் (டூலின் ஓர் ஓட்டம்) விடுவார்கள். அளவைக் கூட்டாமல் அதே இடத்தில் டூலை இன்னொரு தடவை ஓட்டினால், தண்டு வளைந்து மீந்துபோன மயிரிழையை அது எடுத்துவிடும். நல்ல டர்னருக்கு அடையாளமே அந்தக் கடைசிப் பாஸ்தான். இந்த உலோகத்தில் அதே பாஸ் வெறும் தேய்ப்பு.

இரண்டாம் துண்டு

ஸ்டெம்மின் வடிவம் இது: கூர்முனை, அதன் பின்னால் 10 மி.மீ. விட்டத்தில் 90 மி.மீ. நீளம் வழவழப்பான பகுதி; அப்புறம் எம்12×1.5 மரை (விட்டம் 12 மி.மீ., பிட்ச் 1.5 மி.மீ.), 25 மி.மீ. நீளம்; கடைசியில் கைப்பிடி மாட்ட 16 மி.மீ. விட்டத்தையே விட்டுவிடுவது.

இன்சர்ட்டை மாற்றினோம். அலுமினியத்துக்கென்று விற்கும், கோட்டிங் இல்லாத, மெருகேற்றிய, கூர்மையான சி.சி.ஜி.டி. வகை, நுனி 0.2. டைட்டானியத்துக்கென்றே தனியாக இன்சர்ட் வாங்கினால் இதைவிட நன்றாக இருக்கலாம். ஆனால் சின்ன லேத்துக்கு ஏற்ற அளவில், எந்தக் கடையிலும் கேட்டவுடன் கிடைப்பது இதுதான். கூர்முனை என்பதால் தள்ளும் விசை குறைவு. அந்தக் கூர்மை இரும்பில் சீக்கிரம் உதிரும், இங்கே அது தேவை.

கியர் 'லோ'வில், வேகம் 700. நிமிடத்துக்கு 35 மீட்டர் வரும். ஆட்டோ ஃபீடு போட்டோம். 20-க்கு 80, மறுபடி 20-க்கு 80 என்று கியர் அடுக்கினால் 1.5 மி.மீ. லீட்ஸ்க்ரூவில் ஒரு சுற்றுக்கு 0.094 மி.மீ. வரும். லேத்தோடு வரும் கியர்களில் சாதாரணமாகக் கிடைக்கும் நுணுக்கமான ஃபீடு அது. நல்லவேளையாக டைட்டானியத்துக்கு வேண்டிய குறைந்தபட்சமும் ஏறக்குறைய அதுவே. டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடில் ஆட்டம் இல்லாமல் ஜிப் ஸ்க்ரூக்களை இறுக்கி, அதன் மேல் இருக்கும் காம்பவுண்டை (கோணம் திருப்பக்கூடிய சின்ன ஸ்லைடு) உள்ளே இழுத்துப் பூட்டி, டூலை முடிந்த அளவு குட்டையாகப் பிடித்து, முனையைச் சரியாகச் சென்டர் உயரத்துக்கு வைத்தோம். வேலையைக் காலையில் வைத்துக்கொண்டதற்குக் காரணம் வோல்டேஜ். வெட்டுக்கு நடுவில் வேகம் தொய்ந்தால் கையால் தள்ளின கதைதான்.

தண்டை வேண்டியதைவிட 15 மி.மீ. நீளமாக விட்டு, அந்தக் கூடுதல் பகுதியில் சென்டர் துளை போட்டோம். சென்டர் ட்ரில்லையும் தயங்கித் தயங்கி உள்ளே விடக் கூடாது. புதுசாக இருக்க வேண்டும், 400 ஆர்.பி.எம்., உள்ளே போனதும் உடனே வெளியே. ரிவால்விங் சென்டர்தான் மாட்ட வேண்டும். சுற்றாத சென்டர் வைத்தால் டைட்டானியம் அதைக் கவ்விப் பிடிக்கும்.

கூலன்ட் பம்ப் இல்லாததால் சோலுபிள் ஆயிலைத் தண்ணீரில் கலந்து இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்து, வெட்டும் முனைக்கே விடாமல் பீய்ச்சினேன். என் பங்கு வேலை அது. பிரஷ்ஷால் கட்டிங் ஆயில் தடவுவது மரைக்குச் சரி. நீளமான டர்னிங்குக்குப் போதாது. அது உயவு தருமே தவிரச் சூட்டை எடுத்துக்கொண்டு போகாது. சூடான சுருளில் எண்ணெய் நனைந்து கிடப்பதும் நல்லதில்லை.

0.5 மி.மீ. ஆழம் வைத்து ஆட்டோவைப் போட்டபோது அண்ணன் கை நிறுத்தும் பட்டன் மேலேயே இருந்தது. டூல் உள்ளே போனதும் சத்தம் தணிந்து சீராக வந்தது. வெள்ளிச் சுருள் புறப்பட்டது.

"ஏனுங்க தம்பி, ஆழமா விட்டா சத்தமே இல்லீங்களே!"

"ஆமாங்ண்ணா. கடிச்சா சும்மா இருக்குது, தடவுனாத்தான் கத்துது."

16-இலிருந்து 12-க்கு நான்கு பாஸ். 12-இலிருந்து 10-க்கு 0.5, 0.25, 0.25 என்று மூன்று. கடைசி இரண்டும் சம ஆழம் என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் 0.25 முடிந்ததும் அளந்தால், டயலில் வைத்ததற்கும் உண்மையில் வெட்டியதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தெரியும். அடுத்த பாஸும் அதே ஆழம், அதே ஃபீடு, அதே வேகம் என்பதால் அதே வித்தியாசம்தான் வரும். அதற்கேற்பத் திருத்தி ஒரே பாஸில் அளவைத் தொட்டுவிடலாம். 0.05 மீதி வைத்து அப்புறம் வழித்தெடுக்கலாம் என்ற கணக்கை இங்கே வைத்துக்கொள்ள முடியாது. இதை அண்ணனுக்கு விளக்கத் தேவைப்படவில்லை. ஒரு தடவை சொன்னதும், சாக்பீஸால் லேத்து மேலேயே ஏழு பாஸுக்கும் கணக்கு எழுதிவிட்டார்.

அளந்ததில் இரண்டு ஓரங்களும் ஒத்துவந்தன. நடுவில் 0.02 கூடுதல். மேலே போட்ட கணக்கில் ஒரு பக்கம் 0.008 விலகினால் விட்டத்தில் 0.016 கூட வேண்டும், ஒத்துப்போகிறது. தண்டை நடுவில் தாங்கும் ஸ்டெடி மாட்டினால் இதையும் குறைத்திருக்கலாம். டெஃப்லான் பேக்கிங்குக்கு இந்த 0.02 ஒரு தொந்தரவே இல்லை என்பதால் விட்டோம்.

சுருள் விஷயத்தில் மட்டும் எரிச்சல். கலப்பில்லாத டைட்டானியம் சுருளை உடைக்காது. நீளமாகச் சுற்றிக்கொண்டே வந்து சக்கில் சிக்கும், ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பாஸுக்கும் நடுவில் லேத்தை நிறுத்தி, கொக்கியால் இழுத்துப் போட்டோம். ஓடும்போது கை கிட்டே போகக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு போவது அதைவிட மோசம்.

மரை

டை (மரை வெட்டும் வளையம்) போட்டு மரை எடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. டை இந்த உலோகத்தில் பல்லைச் சுற்றிக் கவ்வி, மரையைப் பிய்த்துவிடும். சின்ன லேத்தில் டைட்டானியம் மரைக்கு ஒற்றை முனை டூல்தான் நல்லது. நல்ல எச்.எஸ்.எஸ். பிட்டை 60 டிகிரிக்கு அண்ணன் கையாலேயே தீட்டினார். அந்தத் தீட்டலை என்னால் செய்ய முடியாது.

மரை 1.5 பிட்ச்சாக இருந்ததில் ஒரு சௌகரியம் உண்டு. லீட்ஸ்க்ரூவும் 1.5 என்பதால், அதோடு டூலை இணைக்கும் ஹாஃப் நட்டை எப்போது திறந்து எப்போது மூடினாலும் டூல் அதே பள்ளத்தில்தான் இறங்கும். மூட வேண்டிய நேரத்தைக் காட்டும் த்ரெட் டயலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

அடுத்த தொல்லை தோள்பட்டை. மரை முடிகிற இடத்தில் 16 மி.மீ. தோள் நிற்கிறது. சக்கை நோக்கி டூல் ஓடும்போது சரியான நொடியில் நிறுத்தாவிட்டால் மோதிவிடும். பயந்து முன்கூட்டியே நிறுத்தினால் டூல் நின்ற இடத்தில் தேய்க்கும். அதனால் திசையை மாற்றினோம். தோளை ஒட்டி 3 மி.மீ. அகலத்துக்கு 10 மி.மீ. விட்டம் வரை ஒரு பள்ளம் எடுத்து, டூலைத் தலைகீழாகப் பிடித்து, சக்கைப் பின்பக்கமாகச் சுழலவிட்டு, பள்ளத்தில் ஆரம்பித்து டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டினோம். எம்12×1.5-இன் அடி விட்டம் 10.16, முன்னால் இருக்கும் வழவழப்பான பகுதி 10. ஆகவே டூல் காற்றில் வெளியேறும், அவசரமே இல்லை. ஒன்று மட்டும்: இந்த லேத்தில் சக்கு ஃபிளாஞ்சில் போல்ட் போட்டு இறுக்கியது. மரை போட்டு மாட்டிய சக்கு உள்ள பழைய லேத்துகளில் இப்படிப் பின்பக்கம் ஓட்டினால் சக்கு கழன்று மடியில் விழும்.

வேகம் 100-ஐ ஒட்டி. மொத்த ஆழம் ஒரு பக்கம் 0.92. முதலில் 0.15, அப்புறம் படிப்படியாகக் குறைத்து, ஆனால் எந்தப் பாஸும் 0.05-க்குக் கீழே போகாமல். இங்கேயும் கடைசியில் சும்மா ஓட்டம் கிடையாது. பிளாஸ்டிக் போனெட்டில்தான் இந்த மரை ஓடப் போகிறது என்பதால் கவ்விப்போகும் பயம் இல்லை. டைட்டானியம் நட்டிலோ எவர்சில்வர் நட்டிலோ ஓடுவதாக இருந்தால் மாலிப்டினம் டைசல்ஃபைடு பேஸ்ட் தடவாமல் திருகக் கூடாது.

கூர்முனைக்காகச் சென்டர் துளை இருந்த மிச்சத்தை ஹேக்ஸாவால் அறுத்தோம். மெதுவாக, அழுத்தி, திரும்பி வரும்போது பிளேடைத் தூக்கி. இந்த லேத்தில், ஓடும்போதே அறுத்தெடுக்கும் பார்ட்டிங் டூலை நான் யோசிக்கவே இல்லை. ஸ்டெம்மைத் திருப்பி, கைப்பிடிப் பக்கத்தை ஸ்பிண்டில் துளைக்குள் விட்டு (துளை 20 மி.மீ., தாராளம்), வழவழப்பான பகுதியில் அலுமினியத் தகடு சுற்றிச் சக்கில் பிடித்து, காம்பவுண்டைத் திருப்பிக் கூர்முனை எடுத்தோம்.

நெருப்பு

டைட்டானியம் கட்டியாக இருக்கும்போது எரியாது. மெல்லிய சுருளும் தூளும் எரியும். எரிந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்தச் சூட்டில் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து வெடிக்கும். கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டரும் உதவாது. நைட்ரஜனிலேயே எரிகிற உலோகம் இது. காய்ந்த மணலோ காய்ந்த சோற்றுப்பு வகைத் தூளோ போட்டு மூடி, தானாக அடங்கும் வரை விட வேண்டும். மணல் என்றால் நிஜமாகவே காய்ந்தது. வாசலில் மழை நனைந்து கிடக்கிற எம்-சாண்டை அள்ளிப் போட்டால் தண்ணீர் ஊற்றிய மாதிரிதான். அண்ணன் வீட்டு விறகடுப்பில் வறுத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்தோம். சாயப்பட்டறைக்காரர்கள் 'எங்களிடம் உப்பு மூட்டை மூட்டையாக இருக்கிறது' என்பார்கள். அதில் பாதி குளாபர் உப்பு, சோடியம் சல்ஃபேட். ஆக்ஸிஜன் அடங்கிய அந்த உப்பை எரியும் உலோகத்தின் மேல் போடவே கூடாது.

முதல் துண்டில் பறந்த வெள்ளைப் பொறி தட்டில் கிடந்த சுருளில் விழாதது அதிர்ஷ்டம் என்று சொல்வேன். இரண்டாம் துண்டுக்கு முன்பு தட்டைத் துடைத்தோம், பாஸுக்குப் பாஸ் சுருளை வெளியே தகர டப்பாவில் போட்டோம். எமரி பேப்பரால் மெருகேற்றியதும் தண்ணீர் விட்டு நனைத்துத்தான். பெட் மேல் துணி விரித்துக்கொண்டு 400, அப்புறம் 600. நுனி 0.2-உம் ஃபீடு 0.094-உம் விட்டுச் செல்லும் வரிப்பள்ளம் கணக்குப்படி ஐந்தாறு மைக்ரான் ஆழம். பேக்கிங்குக்கு அது கரடுமுரடு, அதனால்தான் இந்த மெருகு.

மாட்டிய பிறகு

மாட்டுவதற்கு முன்பு கைப்பிடிப் பக்கத்துக்கு நீல நிறம் ஏற்றினோம். சோடா உப்புக் கரைசலில் முக்கி, மூன்று 9 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கோத்து, ஸ்டெம்மை நேர்முனையில் கொடுத்தால் ஆக்ஸைடு படலம் தடித்து நீலமாகத் தெரியும். அழகுக்காக இல்லை. ஃபிட்டர் பெட்டியில் பழைய 316 ஸ்டெம்களோடு கலந்து கிடந்தால் எது எது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு மழைக்காலம் முடிந்து வால்வைக் கழற்றிப் பார்த்தோம். பேக்கிங் இருந்த இடத்தில் குழி எதுவும் இல்லை, கூர்முனை அப்படியே இருந்தது. பேக்கிங் மட்டும் வழக்கம்போல மாற்றினோம். கைப்பிடியை இறுக்கியிருந்த எவர்சில்வர் ஸ்க்ரூ அரித்திருந்தது. டைட்டானியத்தோடு ஒட்டி, ஹைப்போ ஈரத்தில் நின்றால், பக்கத்தில் இருக்கிற உலோகம்தான் முதலில் போகும். அதற்குப் பதிலாகக் கைப்பிடியைப் பிளாஸ்டிக் பின்னில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

முதலாளி இதே மாதிரி இன்னும் பத்து கேட்டார். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை, நானும் அதையே சொன்னேன். ஒன்று கடைய அரை நாள் போகிறது, இன்சர்ட் செலவு தனி, பத்துக்கும் பாட்டில் பிடித்துக்கொண்டு நிற்க ஆள் வேண்டும். கூலன்ட் ஊற்றுகிற சி.என்.சி. வைத்திருக்கும் கோவை ஜாப் ஒர்க் கடை ஒன்றுக்கு வரைபடம் போய்விட்டது. அதில் கிரேடு 2, சான்றிதழோடு என்று எழுதி, கைப்பிடிப் பக்கத்தையும் 12 மி.மீ.க்கு மாற்றிவிட்டோம். இனி 16 மி.மீ. கம்பி வாங்கி நான்கு பாஸ் வீணாக்க வேண்டியதில்லை.